குளம்படிக் குப்பை: ஒரு வகைநூல்

பாயிரம்

குதிரையின் உடம்பில் சுழி எங்கே இருந்தால் குடி உயரும், எங்கே இருந்தால் குடி கவிழும் என்பதற்கு நம்மிடம் சாத்திரம் உண்டு. ஓலையில் கிடந்த அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அச்சேற்றியும் கொடுத்திருக்கிறது. ஆனால் லாடம் அடித்து முடித்து, குதிரை நாலு காலையும் ஊன்றிப் பார்த்து, லாடக்காரர் முதுகை நிமிர்த்திய பிறகு தரையில் கிடக்கிறதே, அதைப் பற்றிச் சாத்திரங்கள் வாய் திறப்பதில்லை. அதை யார் கூட்டி அள்ளுவது என்ற வினா முணுமுணுப்பாகவும் முகச்சுளிப்பாகவும் லாயம் லாயமாக அலைந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஓர் இலக்கணம் செய்துகொடுப்பதே இச்சிறுநூலின் வேலை.

நூல் என்று ஒன்றைச் செய்தால் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லவேண்டும் என்பது நன்னூல் மரபு. சொல்லிவிடுவோம். ஆக்கியோன்: குதிரையின் வயிற்றுக்கடியில் குனிந்து பிழைக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவன், ஆகவே நடுநிலையாளன். வழி: முதல்நூல் இல்லாததால் இதுவே முதல்நூல். எல்லை: வடக்கே லாயத்தின் வாசல், தெற்கே லாடக்காரருடைய வேனின் பின்கதவு; நாடு பெரும்பாலும் பிரிட்டன். அங்கே குதிரை பட்டறைக்குப் போன காலம் மலையேறி, எரிவாயு உலையையும் பட்டடையையும் வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறையே குதிரையைத் தேடி வருகிறது. சண்டையும் அதே வேனில்தான் வருகிறது. நூற்பெயர்: மேலே கண்டது. யாப்பு: உரைநடை, நடுநடுவே நூற்பா. நுதலிய பொருள்: பெருக்குதல். கேட்போர்: லாடம் அடிப்பவர், குதிரையை உடையவர், இருவருக்கும் நடுவில் துடைப்பத்தோடு மாட்டிக்கொண்ட பயிலுநர். பயன்: ஈற்றில் கூறப்படும்.

இயல் 1: சிதறல்

இரும்பே கொம்பே துகளே இலத்தி
புகையே எனச்சிதறல் ஐவகைப் படுமே.

என்பது, லாடம் அடித்த இடத்தில் எஞ்சுபவை இத்துணையவென உணர்த்துதல் நுதலிற்று.

இவற்றுள் இரும்பு மூவகை: பழைய லாடம், பழைய ஆணி, புதிய ஆணியின் முறித்த முனை. பழைய லாடம் பெரிது, கண்ணுக்குத் தெரியும், கையால் எடுக்கலாம். சில வீட்டார் வாசல்நிலையில் அடிக்கவென்று கேட்டும் வாங்கிக்கொள்வர். ஆகவே அது குப்பைகளுள் உயர்குடி. பழைய ஆணி நடுத்தரம். மூன்றாவதே கொடிது. லாடத்து ஆணியின் கூரில் ஒரு பக்கம் மட்டும் சரிவு உண்டு. அதனால் அது உள்ளே போகப்போக வெளிப்புறமாக வளைந்து, குளம்பின் சுவரைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் குதிரை காலை உதறினால் லாடக்காரரின் தொடை கிழிந்துவிடும். கால் அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் அல்லவா இருக்கிறது! எனவே முனை வெளிவந்த கணமே சுத்தியலின் பின்நகத்தில் கோத்து முறுக்கி முறித்துவிடுகிறார். முறிந்த துண்டு எங்கே போய் விழுகிறது என்று பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை. தொழிலின் மிகக் கூர்மையான கணத்தில்தான் மிகக் கூர்மையான குப்பை பிறக்கிறது என்க.

எண்ணிப் பார்ப்போம். பிரிட்டனில் பழைய வழக்கப்படி லாடம் ஒன்றுக்கு ஆணி ஏழு. வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று. நான்கு காலுக்கு 28 பழைய ஆணி பிடுங்கப்படும். 28 புதிய முனை முறிக்கப்படும். ஆக, ஒரு குதிரை ஒரு முறைக்கு 56 கூர்ப்பொருள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு எட்டு முறையேனும் லாடக்காரர் வருவார். அப்போது கணக்கு 448. பத்துக் குதிரை நிற்கும் லாயமானால் 4480. இவற்றுள் நூற்றில் ஒன்று கண்ணுக்குத் தப்பினால்கூட ஆண்டு முடிவில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆணிகள் ஏதோ ஒரு காலுக்காகக் காத்துக் கிடக்கும்.

கொம்பாவது, குளம்பைச் சீவிய சீவல். குதிரைக் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அந்தக் கெரட்டினால்தான் அதுவும் ஆனது. வளர்ந்ததை வெட்டுகுறடும் கத்தியும் கொண்டு களைந்தால் பிறைவடிவில் சீவல்கள் விழும். காலில் இருந்தவரை சினைப்பெயர், விழுந்தபின் தனிப்பெயர். குளம்பும் கொம்பும் அரைத்த தூளில் நைட்ரஜன் 12 முதல் 14 சதவீதம் உண்டு. மண்ணில் மெல்லக் கரைந்து செடிக்குப் போகும். ஆகையால் தோட்டக்காரருக்குக் கொம்பு குப்பையே அன்று, உரம். நாய்க்கோ அது பலகாரம்.

துகளாவது, அரத்தால் ராவிய குளம்புத் தூளும், பழுத்த இரும்பை அடிக்கையில் உதிரும் கருஞ்செதிளும். இலத்தியாவது, குதிரை இத்தொழிலுக்கு அளிக்கும் ஒரே பங்களிப்பு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கிலோ போடும் விலங்கு, லாடம் அடிக்கும் முக்கால் மணி நேரத்துக்கு மட்டும் விரதம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. புகையாவது, சூடான லாடத்தைக் குளம்பில் வைத்துப் படியவைக்கும்போது எழுவது. முடி கருகிய நாற்றத்தில் லாயமே மூழ்கும். துணியில் ஏறினால் வீடுவரை வரும்.

இவ்வைந்தையும் உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாக அடக்குவாரும் உளர். இரும்பும் கொம்பும் இலத்தியும் உருவம், புகை அருவம், துகள் காற்றடிக்கும்வரை உருவமும் அடித்தபின் அருவமும் ஆதலின் அருவுருவம். அருவத்தைப் பெருக்கச் சொல்லி இதுவரை எந்த உடையவரும் கேட்டதில்லை என்பதால் புகை இந்நூலிலிருந்து இத்துடன் விடைபெறுகிறது.

இயல் 2: புணர்ச்சி

தனித்துக் கிடப்பின் தீங்கில, இணையின்
இரும்பும் இலத்தியும் உயிர்க்குஊறு செய்யும்.

என்பது, சிதறல்கள் ஒன்றோடொன்று சேரும்போது நேரும் விகாரம் கூறுகின்றது.

ஆணி குதிரையின் உள்ளங்குளம்பில் ஏறலாம். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் நடுவில் ஆணி ஆழமாக ஏறினால் தசைநாணையும் அதற்கு மேலே உள்ள சிறு எலும்பையும் மூட்டையும் தொட்டுவிட வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட குதிரை மீண்டும் நேராக நடக்காமலே போகலாம். இங்கே மருத்துவர் சொல்லும் விதி ஒன்று உண்டு: ஏறிய ஆணியைப் பிடுங்காதே, அப்படியே வைத்து எக்ஸ்ரே எடு, எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று தெரிய வேண்டும். தரையில் கிடந்தபோது எடுத்திருக்க வேண்டிய ஆணியை யாரும் எடுக்கவில்லை. காலில் ஏறியபின் எல்லாரும் எடுக்கப் பாய்கிறார்கள், அப்போது எடுக்கக்கூடாது என்கிறது சாத்திரம். எடுத்தலுக்கும் காலம் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

இனி இலத்தியோடு புணர்ச்சி. இரணஜன்னியை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் மண்ணிலும் குதிரையின் குடலிலும் வாழ்பவை. லத்தி வழியாக மீண்டும் மண்ணுக்கு வருபவை. மண்ணுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1884இல் நிக்கோலாயர் காட்டினார். 1889இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயமே அதற்கு உகந்த வீடு. ஆணி கதவைத் திறந்துவிடுகிறது, லத்தி குடிபுகுகிறது. வீட்டு விலங்குகளுள் இந்நோய்க்கு எளிதில் இரையாவது குதிரை. அதே குதிரையின் இரத்தத்திலிருந்துதான் பின்னர் மாற்றுச்சீரமும் எடுத்து மனிதரைக் காப்பாற்றினார்கள் என்பது இப்புணர்ச்சியின் எதிர்ப்புணர்ச்சி.

மூன்றாவது புணர்ச்சி, இரும்பும் துடைப்பமும். வெறும் துடைப்பம் ஆணியை எடுக்காது, தள்ளும். கல் பாவிய முற்றத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள பிளவில் செருகிவிட்டு, பெருக்கியாயிற்று என்ற மனநிறைவையும் கொடுக்கும். எனவே முதலில் காந்தம், பிறகு துடைப்பம் என்பதே முறை. வரிசை மாறினால் வழு. தரையில் உருட்டிக்கொண்டு போகும் சக்கரக் காந்தம் இதற்கென்றே கிடைக்கிறது. பந்தயக் குதிரைக்குப் போடும் அலுமினிய லாடம் இந்தக் காந்தத்துக்கு வசப்படாது. அதை அடித்த ஆணி எஃகு, வசப்படும். குற்றவாளி ஆணியே ஆதலின் காந்தம் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது.

1820களில் மின்காந்தத்தை முதலில் செய்து காட்டிய வில்லியம் ஸ்டர்ஜன், அதற்கான இரும்பை லாட வடிவில்தான் வளைத்தார். அவர் இளமையில் பழகியது செருப்புத் தைக்கும் தொழில். காலணித் தொழிலிலிருந்து ஒருவர் கிளம்பி வந்து, லாடத்தின் வடிவில் செய்ததே இன்று லாடத்தின் ஆணியைப் பொறுக்கும் இனத்துக்கு முன்னோடி. இதை ஊழ் என்னாமல் வேறென்ன என்பது?

இயல் 3: கிழமையும் கருத்தாவும்

இனி, சிதறல் யாருடையது? உடையவனே அள்ளவேண்டும் என்பது உலக நியாயம். ஆறாம் வேற்றுமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டு. குதிரையது குளம்பு என்னும்போது உறுப்பாகலின் தற்கிழமை. கத்தி பட்டதும் கிழமை அறுந்துவிடுகிறது. சீவலைத் திருப்பிக் கேட்ட குதிரை இல்லை. லத்தியோ வேறு வகை. நன்னூலார் தற்கிழமையுள் திரிபின் ஆக்கம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். நெல்லது பொரி என்பது போல. அப்படியாயின் லத்தி குதிரையுடையதே அன்று. புல்லது லத்தி என்றே கொள்ளவேண்டும். புல்லை விலைகொடுத்து வாங்கியவர் உடையவர். எனவே லத்தி உடையவரைச் சேர்ந்தது. இதை மறுப்பார் எவரும் இலர். லாடக்காரர்கள் ஏகமனதாக ஆதரிப்பார்கள்.

இரும்பு? இங்கேதான் சிக்கல். பழைய ஆணி ஆறு வாரத்துக்கு முன் விற்கப்பட்டது. காசு கொடுத்தவர் உடையவர். புதிய ஆணி இன்று விற்கப்பட்டது. முனையும் சேர்த்துத்தான் விலை. முனையை முறித்துவிட்டதால் விலையில் தள்ளுபடி கொடுத்த லாடக்காரர் இல்லை. ஆக, கிழமை ஒன்றையே பிடித்துக்கொண்டு போனால் தரையில் கிடக்கும் அனைத்தும் உடையவருடையவை. லாடக்காரர் வெறுங்கையோடு வேன் ஏறிவிடலாம். முடிவு இவ்வளவு எளிதாக வந்துவிட்டால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது என்று பொருள்.

பிழை வேற்றுமையில். இது ஆறாம் வேற்றுமை வழக்கே அன்று. மூன்றாம் வேற்றுமை வழக்கு. அரசனால் கட்டப்பட்ட கோயில், தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்று பள்ளியில் படித்தோம். அரசன் ஏவுதற் கருத்தா, தச்சன் இயற்றுதற் கருத்தா. உடையவரால் சிதறியது என்றாலும் சரி, லாடக்காரரால் சிதறியது என்றாலும் சரி. அவர் அழைக்காவிட்டால் இவர் வரமாட்டார். இவர் முறிக்காவிட்டால் அது விழாது. இருவருமே வினைமுதல். கோயிலானால் கல்வெட்டில் அரசன் பெயர் வரும். குப்பையானால் இருவருமே தம் பெயர் வேண்டாம் என்கிறார்கள். தன்னடக்கம் இங்கேதான் தழைக்கிறது.

இயல் 4: லாடக்காரர் வகை

பெருக்கல் நோக்கில் லாடக்காரர் அறுவகையர்.

தலையாயவர், சொந்தத் துடைப்பமும் உருள்காந்தமும் வேனில் வைத்திருப்பவர். வந்ததும் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் குதிரையை நிறுத்தி, முடிந்ததும் விரிப்பையே தூக்கி உதறிவிட்டுப் போவார். இவரை ஒருமுறை கண்டவர்கள் பிறகு யாரையும் மன்னிப்பதில்லை. எனவே தொழிலுக்குள் இவருக்கு நற்பெயர் இல்லை.

இரண்டாமவர் கணக்கர். ஆணிகளை மட்டும் ஒன்றுவிடாமல் காந்தத்தட்டில் சேர்ப்பார், சீவலைத் தொடமாட்டார். இவர் பேசுவது குறைவு.

மூன்றாமவர் ஓரங்கட்டுவோர். பூட்ஸ் காலால் எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கிவிட்டுச் சுத்தம் என்பார். நடுவில் ஒன்றுமில்லாவிடில் எங்கும் ஒன்றுமில்லை என்பது இவர் கொள்கை. நாலாமவர் நாய்நம்பிகள். சீவலை நாய் தின்னும், எனவே பெருக்கல் இயற்கையின் வேலை என்பர். ஆணித்துண்டு ஒட்டிக்கிடக்கும் சீவலை நாய் பிரித்தறியுமா என்ற வினாவுக்கு இவர்களிடம் விடை இல்லை. கால்நடை மருத்துவரிடம் உண்டு, கட்டணத்தோடு.

ஐந்தாமவர் வினாவெழுப்பிகள். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று உரக்கக் கேட்பார். கேட்டுவிட்டு ஓரடியும் நகரமாட்டார். உடையவர் வெட்கப்பட்டுத் தாமே எடுத்து வந்து தாமே பெருக்கத் தொடங்கும்வரை நின்று, இருக்கட்டும் நான் செய்கிறேன் என்பார், வேன் கதவைத் திறந்துகொண்டே. ஆறாமவர் மாயாவிகள். கடைசி ஆணியின் முனையை மடித்து ராவி முடிக்கும் நேரத்தில் இவர்களுடைய கைபேசி தவறாமல் அடிக்கும்.

பயிலுநர் வைத்திருப்பவர் எவ்வகையினர் எனின், அவர் வகைப்பாட்டுக்கு அப்பாற்பட்டவர். பிரிட்டனில் இத்தொழிலைக் கற்க ஏறத்தாழ நாலாண்டு ஆகும். முதலாண்டின் பெரும்பகுதி கைப்பிடி நீண்ட ஒரு கருவியோடு கழிகிறது. அது சுத்தியல் அன்று.

இயல் 5: உடையவர் வகை

உடையவர் ஐவகையர். முன்பெருக்குவோர்: லாடக்காரர் வருமுன்பே தரையைக் கூட்டி, குதிரையின் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவித் துடைத்து, வெளிச்சமும் நிழலும் உள்ள சமதளத்தில் கட்டி வைப்பவர். இவர்களுடைய இடத்தைக் குப்பையாக விட்டுப்போக மாயாவிக்கும் மனம் வராது என்பது கண்ட உண்மை.

உடன்பெருக்குவோர்: வேலை நடக்கும்போதே குதிரையின் கால்களுக்கு நடுவில் துடைப்பத்தை நீட்டுபவர். இவர்களுடைய தூய்மை வேட்கை பாராட்டத்தக்கது; ஆனால் குதிரை மிரண்டால் அடியில் கிடப்பவர் லாடக்காரர். ஆதலின் குதிரை இடம்விட்டு நகர்ந்தபின்னரே துடைப்பம் நுழைதல் வேண்டும் என்று விதிக்க.

சேற்றில் நிறுத்துவோர்: வயலின் வாசலில் கணுக்கால் அளவு சேற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, முடிந்ததும் எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்பவர். சேற்றில் விழுந்த ஆணிமுனையை எடுக்கத் தொல்லியல் துறையாலும் ஆகாது. இடத்தைத் தந்தவர் இடத்தின் குற்றத்தையும் ஏற்க.

விலைபேசுவோர்: இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு பெருக்காமல் போகலாமா என்போர். இவர்கள் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. லாடக்காரருக்குக் கூலி குதிரைக்கணக்கு, மணிக்கணக்கு அன்று. குதிரைக்குப் பத்து நிமிடம் பெருக்கினால் ஆறு குதிரைக்கு ஒரு மணி நேரம். அந்த மணியில் இன்னொரு குதிரைக்கு லாடம் அடித்திருப்பார். பெருக்கல் வேண்டுமெனில் அதையும் விலையில் சேர்த்துப் பேசலாம்; தடையில்லை. பேசாமல் எதிர்பார்ப்பதே வழு.

அஞ்சுவோர்: இவர்களே பெரும்பான்மை. நல்ல லாடக்காரர் கிடைப்பது அரிது. கிடைத்தவர் சொன்ன நாளில் வருவது அரிதினும் அரிது. அப்படிப்பட்டவரிடம் போய் ஆணியைப் பொறுக்குங்கள் என்று யார் சொல்வது? மனம் கசந்து, வாய் சிரித்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, வேன் தெருமுனை திரும்பியதும் தாமே குனிகிறார்கள்.

இயல் 6: மேற்கோள்

பழையோர் என் சொன்னார்? 1356இல் லண்டன் மேயர் நகரத்து லாடக்காரர்களை அழைத்து விசாரித்தார். திறமையில்லாதவர்கள் பட்டறை வைத்துக் குதிரைகளைக் கெடுக்கிறார்கள் என்பது புகார். அதிலிருந்து வளர்ந்த சங்கத்துக்கு 1674இல் இரண்டாம் சார்லஸ் பட்டயம் கொடுத்தார். 1975இல் வந்த பதிவுச் சட்டம், பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம் என்றது. நோக்கம், திறமையற்ற கையால் குதிரை படும் துன்பத்தைத் தடுப்பது. ஆக, ஆணியை யார் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடித்த ஆணியை யார் பொறுக்கலாம் என்பதற்கு மட்டும் பதிவேடு இல்லை. அதை யாரும் செய்யலாம். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

கிறித்தவ மரபில் லாடக்காரரின் காவற்புனிதர் எலிகியஸ். ஏழாம் நூற்றாண்டின் ஆயர், பொற்கொல்லராக இருந்தவர். முரட்டுக் குதிரை ஒன்று நிற்கமாட்டேன் என்று அடம்பிடிக்க, அதன் காலையே கழற்றி எடுத்துப்போய்ப் பட்டடையில் வைத்து லாடம் அடித்து, மீண்டும் பொருத்திவிட்டார் என்பது கதை. ஃபிளாரன்ஸ் நகரத்து ஓர்சான்மிக்கேலேயில் நன்னி தி பாங்கோ செதுக்கிய புடைப்புச் சிற்பத்தில் இதைக் காணலாம். செய்யச் சொன்னது அவ்வூர் லாடக்காரர் சங்கம். பக்தர்கள் இதை அற்புதம் என்பர். நாம் பெருக்கல் நோக்கில் பார்க்கிறோம்: குதிரை ஓரிடம், கால் ஓரிடம், சிதறல் முழுதும் பட்டடையடியில், உடையவரின் முற்றத்தில் ஒரு துரும்பும் இல்லை. நம் சிக்கலுக்கு இதுவரை சொல்லப்பட்ட தீர்வுகளுள் முழுமையானது இதுவே. பின்பற்றுவோர்தாம் குறைவு.

இதற்கு நேரெதிரான தீர்வு தமிழ்நிலத்தில் நிகழ்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே மன்னர் ஒருவரே ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் சாவதாகவும் எழுதினார். காரணம், பேணத் தெரிந்தவர் இல்லை. ஓர்மஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை கொண்டுவந்த வணிகர்கள் லாடம் அடித்து வைத்தியமும் பார்க்கும் ஆட்களைத் தாம் அழைத்துவருவதில்லை, வேறு யாரும் வரவும் விடுவதில்லை. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடுமே! லாடக்காரர் இல்லாத நாட்டில் லாடக் குப்பையும் இல்லை. முற்றம் படுசுத்தம், லாயமும் படுகாலி. தூய்மை ஒன்றையே பெரிதென்பார் இதை நினைவில் வைத்தல் நலம்.

எனினும் தலைசிறந்த சான்று லண்டன் நீதிமன்றத்தில் இருக்கிறது. 1235இல் வால்ட்டர் என்ற லாடக்காரருக்கு ஸ்ட்ராண்ட் பகுதியில் பட்டறை வைக்க ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதற்கு வாடகை, மன்னருக்கு ஆண்டுதோறும் லாடம் 6, ஆணி 61. பட்டறை போய் எத்தனையோ நூற்றாண்டாயிற்று, வாடகை நிற்கவில்லை. இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை லண்டன் நகராட்சியின் சட்ட அதிகாரி, மன்னரின் நினைவூட்டுநர் என்ற பதவி வகிப்பவர் முன்னிலையில் அந்த 61 ஆணிகளையும் எண்ணிக் காட்டுகிறார். எண்ணிக்கை சரி என்று சொன்னபின் அதே லாடங்களும் ஆணிகளும் அடுத்த ஆண்டுக்காக எடுத்து வைக்கப்படுகின்றன. லாடம் ஒன்றுக்குப் பத்தாணி என்றால் 60. மிச்சம் ஒன்று ஏன் என்று கேட்டால், தொலையும் ஆணிக்கு என்றே கொள்க. லாடத்து ஆணியை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, ஒன்றும் தரையில் விடாத ஒரே இடம் அதுதான். அங்கே குதிரையே இல்லை என்பது வேறு செய்தி.

இயல் 7: தடையும் விடையும்

தடை: முடி திருத்துபவர் வெட்டிய முடியைத் தாமே பெருக்குகிறாரே, லாடக்காரர் மட்டும் ஏன் பெருக்கலாகாது? விடை: கடையில் பெருக்குவது கடைக்காரர்; உண்மை. ஆனால் அவரே வீடு தேடி வந்து திண்ணையில் உட்கார்த்தி வெட்டிய காலத்தில் முடியைக் கூட்டியது வீட்டார்தான். அவர் எடுத்துக்கொண்டது கத்தியை. இடம் யாருடையதோ அவர் மெல்லிய குப்பையை எடுக்க, கருவி யாருடையதோ அவர் கூரிய குப்பையை எடுக்க என்பது அங்கே பெறப்படுகிறது.

தடை: அரைமணி, முக்கால்மணி குனிந்தே இருந்த முதுகை இன்னும் ஒருமுறை குனியச் சொல்வது கொடுமை அன்றோ? விடை: கொடுமையே. அதனால்தான் உருள்காந்தத்துக்கு நீண்ட கைப்பிடி வைத்தார்கள். நிமிர்ந்தபடியே உருட்டலாம்.

தடை: நம் ஊரில் மாட்டுக்கு லாடம் கட்டுபவர் பெருக்கியதை யார் கண்டார்? விடை: மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது. காலுக்கு இரண்டாக எட்டு லாடம். கயிறு போட்டுச் சாய்த்து, மரத்தடியிலோ சந்தையோரத்திலோ முடித்துவிடுவார்கள். அங்கே இடத்துக்கு உடையவர் இல்லை, கேட்பாரும் இல்லை. செருப்பில்லாமல் நடந்துபோனவர்களே கேட்டிருக்க வேண்டியவர்கள். வழக்கு இல்லாமை குற்றம் இல்லாமை ஆகாது.

தடை: அப்படியானால் யார்தான் பெருக்குவது? விடை: அதுவே முடிபு.

எண்ணம் அறிந்தோன் இரும்பு எடுக்க;
ஏனைய எல்லாம் இடம்உடை யோற்கே.

என்பது, இருவர்க்கும் பங்கு வகுத்தது.

இரும்பு ஏன் லாடக்காரருக்கு எனின், அது அவருடையது என்பதால் அன்று. கிழமையால் தீராது என்று முன்னரே காட்டினோம். எத்தனை விழுந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால். எத்தனை ஆணியைப் பிடுங்கினார், எத்தனை தலை ஒடிந்து குளம்பிலேயே நின்றது, எந்த முனை வலப்பக்கம் தெறித்தது என்பதெல்லாம் அவருடைய கைக்கும் காதுக்கும் தெரியும். உடையவர் மணிக்கணக்கில் பெருக்கினாலும் எப்போது முடிந்தது என்று அவரால் சொல்லமுடியாது. 28க்கு 27 கிடைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதே! அறிவு எங்கே இருக்கிறதோ கடமையும் அங்கே போய் உட்காருகிறது. கொம்பும் துகளும் லத்தியும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை எண்ண வேண்டியதில்லை, ஒன்று தப்பினாலும் குதிரை நொண்டாது. அவை முறத்துக்கும் உரக்குழிக்கும் உரியவை. இரண்டும் இருப்பது உடையவர் வீட்டில். எல்லாவற்றையும் தாமே அள்ளுவேன் என்னும் லாடக்காரரைத் தடுக்க இந்நூலில் விதியில்லை. ஒன்றையுமே எடுக்கமாட்டேன் என்பவரைக் காக்கவும் விதியில்லை.

புறனடை

தரை சேறாயின், விளக்கு இல்லையாயின், கட்டாத குதிரையாயின் இவ்விதி நெகிழும். அங்கே இரும்பில் பாதி உடையவர் கணக்கில் ஏறும். நாய்க்குச் சீவல் இரும்பு களைந்தபின்னரே உரித்து. பயிலுநர் இருப்பின் இருவர் கடனும் அவர் தலையில் விழும். அது விதியன்று, வழக்கு.

நூற்பயன்

இந்நூலைக் கற்ற லாடக்காரர் அடுத்த முறையும் அழைக்கப்படுவார். கற்ற உடையவர் அழைத்தால் வரப்பெறுவார். கற்ற பயிலுநர் துடைப்பத்தை வைத்துவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுப்பார், நாலாவது ஆண்டிலாவது. கல்லாத குதிரையும் ஒரு பயன் பெறும்: ஆணி, அடித்த இடத்தில் மட்டும் இருக்கும்.